அலுமாரிக்குள் ஓர் இரவு

ஜூன் மாதத்து ஒஸ்லோவில் இருட்டு கிடைப்பது கஷ்டம். சிவரஞ்சினி அதைத் தன் படுக்கையறை அலுமாரிக்குள் செய்து வைத்திருந்தாள்.

ஸ்டோவ்னரில் இந்த ஏழாம் மாடி வீட்டுக்கு வந்த வருடம் கணவர் தவராசா பலகை பலகையாகப் பூட்டிய அலுமாரி அது. சேலைகளையெல்லாம் மகளின் பழைய அறைக்கு மாற்றிவிட்டு, அதற்குள் ஒரேயொரு கஞ்சாச் செடியை வைத்திருந்தார்கள். மேலே ஒரு விளக்கு. மாலையில் எரியத் தொடங்கி விடியும்வரை எரியும். பகல் முழுக்க அணைந்திருக்கும். பூக்கிற காலத்தில் அந்தச் செடிக்கு நீண்ட, இடையில் கலையாத இருட்டு வேண்டும். ஊர் விழித்திருக்கும் நேரம் அதற்கு இரவு.

அது சட்டத்துக்கு விரோதம் என்பது இருவருக்கும் தெரியும். ரயிலில் ஒருநாளும் ரிக்கெற் இல்லாமல் ஏறாதவர்கள் அவர்கள். ஆனால் நீரிழிவு தவராசாவின் கால் நரம்புகளைப் பிடித்து இரண்டு வருடமாகிவிட்டது. படுத்தால் உள்ளங்கால்கள் எரியும். குளிசைகள் தலையைச் சுற்ற வைத்தன, தூங்க வைக்கவில்லை. நோவுக்கென்று தனி மருத்துவர் இருக்கிறார், போங்கள் என்று மகள் கம்சாயினி சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள்.

"ஒண்டில இருந்து பத்து வரைக்கும் உங்கட நோவுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க எண்டு கேப்பாங்க. நான் என்ன சோதினையா எழுதப் போறன்?" என்பார் தவராசா. எத்தனை பேர் கேட்டாலும், "கொஞ்சம் எரியுது" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

பிறகு பழைய வேலையிடத்து நண்பன் ஒருவன் இந்தச் செடியின் விதையைக் கொடுத்தான். விவசாயம் படித்துவிட்டு ஆயுள் முழுக்க மரக்கறிப் பெட்டி அடுக்கிய மனிதர், அந்த விதை முளைத்த அன்று நெடுநேரம் கதைத்துக்கொண்டே இருந்தார். "வாற குளிருக்கு நான் நித்திர கொள்ளுவன் ரஞ்சி. பார்." அந்த நம்பிக்கைக்காக எதையும் செய்யலாம் என்று சிவரஞ்சினிக்குப் பட்டது.

அவர் தூங்குகிறாரா என்பதுதான் அவளுடைய ஓயாத கவலை. நோவு வந்தபின் அவள் மகளின் அறையில்தான் படுத்தாள். இடையிடையே எழும்பி, நடைவழி விளக்கைப் போட்டு, அவருடைய கதவை மெல்லத் திறந்து பார்ப்பாள். மூச்சு சீராக வரும். நிம்மதியாகச் சாத்திவிட்டுப் போவாள்.

ஒரு காலை, வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த குடையை எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் அதைக் கண்டாள். கைத்தொலைபேசி வெளிச்சத்தில், பூங்கொத்தின் நடுவே குட்டி வாழைப்பழம் போல மஞ்சளாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மகரந்தக்கூடு. பெண் செடி தானே ஆண் பூவையும் போட்டிருந்தது. இனி அது தன்மேல் தானே மகரந்தம் கொட்டும். பூவில் சேரவேண்டிய மருந்துச் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும்.

பயந்த செடிதான் இப்படிச் செய்யும். இருட்டு கலைந்தால், இனி வாழ்வில்லை என்று நினைத்து எப்படியாவது ஒரு விதையை விட்டுப் போகப் பார்க்கும். கோடை வெளிச்சம் எங்கோ கசிகிறது என்று அவள் முடிவு செய்தாள். மஞ்சளைக் கிள்ளி எறிந்தாள். கதவு விளிம்பெல்லாம் கறுப்புத் துணி வைத்து ஒட்டினாள். தவராசாவிடம் சொல்லவில்லை. அவருடைய குளிர்காலத்து நித்திரை அந்தச் செடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஒவ்வொரு காலையும், அவர் குளிக்கும் நேரம் பார்த்து, குடையோ சால்வையோ எடுக்கிற சாட்டில் கதவைத் திறந்தாள். மாலையில் திறக்க வழியில்லை. விளக்கு எரியும் நேரமெல்லாம் அவர் அந்த அறையிலேயே படுத்திருப்பார். ஒவ்வொரு காலையும் புதிதாக மஞ்சள் இருந்தது.

ஒருநாள் விசித்திரம் ஒன்றைக் கவனித்தாள். முதல்நாள் நேரமில்லாமல் விட்டுப்போன மஞ்சள்கள் காணாமல் போயிருந்தன. உதிரவில்லை. அடியோடு, பக்கத்துப் பூ ஒன்றும் நசியாமல், சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தன. அப்படி எடுக்கிற ஒரு கையைத்தான் அவளுக்குத் தெரியும்.

ஸ்ட்ரோம்மனில் அவள் வேலை செய்யும் பாலர் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில், யன்னலோரம் இருந்து, எண்பதுகளின் கடைசியில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த மிளகாய்ப் பாத்தியை நினைத்துக்கொண்டாள். இரண்டு மிளகாய்ச் செடிகளைக் கலப்பதென்றால், பூ விரியுமுன்பே மொட்டைத் திறந்து, சாவணம் என்கிற சிறு இடுக்கியால் மகரந்தக்கூடுகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது தன்னைத்தானே கருக்கட்டிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து போன சிவரஞ்சினி தொட்ட மொட்டெல்லாம் பிய்ந்தது. பக்கத்துப் பாத்தியில் ஒரு மட்டக்களப்புப் பெடியன் சிரித்தான்.

"பூவுக்கு ஏன் காயம் பண்ணுறீங்க? மூச்ச விட்டுட்டு மறுகா தொடுங்க."

"உங்கடை வேலையைப் பாருங்கோ."

அவன் தன் வேலையைத்தான் பார்த்தான். அடுத்த கிழமை அவளுடைய செடியில் ஒரு பூ கடதாசிப் பை போட்டு மூடியிருந்தது. பையில் கட்டியிருந்த துண்டில் வழக்கமாகத் தாய், தந்தைச் செடிகளின் இலக்கம்தான் எழுதுவார்கள். அதில் 'தாய்: சிவரஞ்சினி, தந்தை: தவராசா' என்று இருந்தது. அவள் அதைக் கிழிக்கப் போகுமுன் விரிவுரையாளர் கண்டுவிட்டார். "முதலில் கலியாணத்தைக் கட்டுங்கோ. பிறகு மிளகாயைப் பெறலாம்," என்றார். பாத்தி முழுக்கச் சிரித்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, பிறகு அந்தக் காய் பழுக்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்தாள்.

பஸ் இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று பாலர் பள்ளி மதியத்தோடு பூட்டியது. வீட்டுக்கு வந்தவள் சத்தமில்லாமல் படுக்கையறை வாசலில் நின்றாள். அலுமாரி திறந்து கிடந்தது. தவராசா கதிரையைப் போட்டு அதன் முன்னே இருந்தார். மேசை விளக்கை இழுத்துச் செடிமேல் பிடித்திருந்தார். மடியில் ஒரு பீங்கான் தட்டு, கையில் கம்சாயினி புருவம் பிடுங்கும் சாவணம். மூச்சை விட்டுவிட்டுத் தொட்டார். மஞ்சள் ஒன்று தட்டில் விழுந்தது.

"என்ன செய்யிறியள்?"

அவர் திரும்பவில்லை. "ஒண்டுமில்ல."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா. நீ கவலப்படுவாய் எண்டு சொல்லல்ல. மத்தியானத்தில ஒருக்கா திறந்து எடுத்துப்போட்டு மூடிருவன். கொஞ்ச நேரந்தானே."

சிவரஞ்சினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் காலமை திறக்கிறனான். ஒரு நிமிசந்தானே எண்டு."

இப்போது அவர் திரும்பினார். "குடை எடுக்கவா?"

"ஓம்."

"மழையே இல்லாம என்னத்துக்கு இவள் குடையோட போறாள் எண்டு நானும் பாத்தன்."

இருவரும் செடியைப் பார்த்தார்கள். காலையில் அவள், மதியம் அவர். அதைக் காப்பாற்றப் போய் ஒருநாளும் தூங்கவிடவில்லை. தவராசா ஒரு பூங்கொத்தை விரலால் அழுத்தினார். பச்சை விதைகள் மூன்று நான்கு உருண்டன.

"முடிஞ்சுது ரஞ்சி. எல்லாம் விதைக்குப் போயிட்டு." சாவணத்தைத் தட்டில் வைத்தார். "ரெண்டு பேரும் படிச்ச படிப்புக்கு இது வேணும்."

"பட்டத்தைத் திருப்பிக் குடுப்பம்," என்றாள் அவள். அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்தபின் முகம் வயதாகிப் போயிருந்தது. ஒரு குளிர்காலம் கையைவிட்டுப் போன முகம்.

அவள் அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கம்சாயினிக்குப் போன் எடுக்கட்டே? அந்த டொக்டரிட்டை நேரம் எடுத்துத் தருவாள்."

அவர் தட்டில் கிடந்த மஞ்சள்களை விரலால் ஒதுக்கினார். பிறகு கேட்டார்: "நம்பர் கேட்டா என்னத்தச் சொல்ல?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"எட்டு."

இரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் எண் அது.

"நீ கதவத் திறந்து பாக்கக்குள்ள ஒம்பது," என்றார் அவர். "அந்த வெளிச்சம் முகத்தில அடிச்சா மறுகா எங்க நித்திர? நீ பயப்பிடுவாய் எண்டு கண்ண மூடிக்கொண்டு மூச்ச இழுத்து இழுத்து விடுவன்."

சிவரஞ்சினி மடியில் இருந்த காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே செடியை வெட்டிச் சிறு சிறு துண்டாக்கி, வெங்காயத் தோலோடு சேர்த்துக் கட்டிக் குப்பையில் போட்டார்கள். சேலைகள் அலுமாரிக்குத் திரும்பின. கூறைச் சேலை அடுத்த பல மாதங்களுக்கு ஒரு மாதிரி மணத்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். நம்பர் கேட்டாள். தவராசா சொன்னார், சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். ஒரு மருந்து சரிவரவில்லை. இன்னொன்று பாதி சரிவந்தது. "இப்ப அஞ்சு," என்று மகளிடம் தொலைபேசியில் அவரே சொன்னார்.

கறுப்புத் துணியை சிவரஞ்சினி எறியவில்லை. படுக்கையறை யன்னலில் திரையாகத் தைத்துப் போட்டாள். ஓகஸ்ற் மாதத்து ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் பின்னேரமாகியும் எழும்பவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனவள் பழக்கத்தில் கதவுப்பிடியில் கையை வைத்தாள். உள்ளே குறட்டை கேட்டது. சீரே இல்லாத, கரடுமுரடான, நடிக்கத் தெரியாத குறட்டை.

கையை எடுத்தாள். கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்து, அவருடைய தேத்தண்ணியையும் தானே குடித்தாள்.