கொண்டைக்குள் ஒரு பிரஷ்

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சந்திலும் வண்டியைப் பின்னாலேயே எடுத்து வந்து நிறுத்துவாள். லாரிக்காரனையே ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டுவாள். அவளுக்கு அடங்காத ஒரே சாமான் அவள் தலைமுடிதான்.

சுருட்டை முடி என்றால் ஏதோ நெற்றியில் அழகாக இரண்டு வளையம் தொங்கும் சுருட்டை இல்லை. ஒவ்வொரு இழையும் பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி. இழுத்தால் முதுகு வரைக்கும் வரும். விட்டால் காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த முடியோடு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்றைக்குக் காய்ந்த முடியை வறட்டு வறட்டென்று சீவிக்கொண்டு போனாள். அது பஞ்சு மூட்டை பிரிந்த மாதிரி நாலா பக்கமும் எழும்பி, பின்வரிசையில் நின்ற இரண்டு பேருடைய முகத்தை மறைத்துவிட்டது. அதில் ஒருத்தி இன்றுவரை இவளோடு பேசுவதில்லை. கல்லூரியில் படிக்கும்போது மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் முடியைத் தேய்த்துவிடும்படி தங்கையிடம் சொன்னாள். ஒரு பக்கம் நேராகிவிட்டது. மறுபக்கத்தை ஆரம்பிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. கல்யாணமான புதிதில், யாரோ சொன்னார்கள் என்று முட்டையை உடைத்துத் தலையில் பூசி, வெந்நீரை ஊற்றி அலசினாள். வெந்நீரில் முட்டை என்ன ஆகும் என்பது குளிக்கிற அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? அவள் கணவன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து, அவிந்த முட்டையைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி எடுத்தான்.

ஒவ்வொரு தடவையும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "இனிமே சத்தியமா இந்த வேலை பண்ண மாட்டேன்" என்பாள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். ஒருமுறை செய்த தப்பை மறுபடி செய்ததே இல்லை. புதுசு புதுசாகத்தான் செய்வாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஓட்டுநர் பள்ளி முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவர் தலை, துடைத்து வைத்த எவர்சில்வர் கிண்ணம் மாதிரி இருக்கும்.

"டீச்சரம்மா, நாளைக்குக் காலைல போட்டோகிராபர் வர்றார். விளம்பரத்துக்கு உங்க படம்தான். பெண்களுக்குப் பெண்ணே கத்துத்தர்றாங்கன்னு பெருசா போடப்போறேன்."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"முடிய மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு வாங்க. படத்துல காரும் தெரியணும் பாருங்க."

அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் இறங்கி, மரப்பிடி போட்டு, சுற்றிலும் பல் வைத்த உருண்டை பிரஷ் ஒன்றை வாங்கினாள். போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் அந்த மாதிரி பிரஷ்ஷில் முடியைச் சுற்றி, சூடான காற்றை அடித்து, ஒரு இழுப்பு இழுத்தாள். முடி பட்டுத்துணி மாதிரி விழுந்தது. அந்தப் பெண்ணின் முடி முதலிலேயே நேராகத்தான் இருந்தது என்பதை இவள் கவனிக்கவில்லை.

காலையில் எழுந்து, பின்தலை முடியில் ஒரு பிடியை எடுத்து பிரஷ்ஷில் சுற்ற ஆரம்பித்தாள். பிடரி வரைக்கும் சுற்றிவிட்டாள். வீட்டிலிருந்த டிரையரால் காற்றை அடித்தாள். இழுத்தாள். வரவில்லை. திருப்பிச் சுற்றினாள். பக்கத்திலிருந்த முடியும் சேர்ந்து உள்ளே போயிற்று. கையை விட்டுப் பார்த்தாள். பிரஷ் கீழே விழாமல் சுவரில் அடித்த ஆணி மாதிரி தலையில் நின்றது.

"ஏங்க..."

"ம்?"

"கொஞ்சம் இங்க வாங்களேன். சிரிக்கக் கூடாது."

அவள் கணவன் குழாய் வேலைக்காரன். முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு வந்து நின்று, ஒழுகுகிற குழாயைப் பார்க்கிற மாதிரியே அவள் தலையை நாலு பக்கமும் பார்த்தான். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கமா சுத்தின?"

"முதல்ல உள்பக்கமா. அப்புறம் எடுக்கறதுக்காக வெளிப்பக்கமா. அதுக்கப்புறம் பயத்துல எந்தப் பக்கம்னே தெரியல."

"மரை இறுகிப்போச்சு" என்றான். "எண்ணெய் விட்டுத்தான் பிரிக்கணும். நேரமாகும்."

"இன்னிக்குப் போட்டோங்க! எண்ணெய் வடிய வடிய எப்படிப் போய் நிப்பேன்?"

"அப்ப வெட்டிரலாம்."

அவள் பார்த்த பார்வையில் அவன் முகத்து நுரையே வற்றிவிட்டது.

"முடிய இல்லம்மா. பிரஷ்ஷ."

வேலைப் பையிலிருந்து இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்து வந்தான். அவள் சமையலறை மேடையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். கறக் கறக் என்று அவன் அறுக்க அறுக்க அவளுக்குப் பல்லெல்லாம் ஆடியது. கடைசியில் பிடி கழன்று தரையில் விழுந்தது. பிரஷ்ஷின் உருளையும், கட்டை விரல் நீளத்துக்கு மிச்சப் பிடியும் தலைக்குள்ளேயே தங்கிவிட்டன. மீதி முடியை அதற்கு மேலே சுற்றி, வீட்டிலிருந்த கொண்டை ஊசியையெல்லாம் குத்தினார்கள்.

"சாயங்காலம் வந்து நிதானமா பிரிச்சுக்கலாம்" என்றான். "யாரு கேட்டாலும் கொண்டைன்னு சொல்லிரு."

பள்ளிக்குப் போனதும் முதலாளி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"அடடா! என்ன கொண்டை, என்ன கொண்டை! இத்தனை நாளா இதை எங்க வெச்சிருந்தீங்க? தினமும் இப்படியே வாங்களேன்."

அவள் தலையை ஆட்டாமல் வாயாலேயே சரி என்றாள்.

அன்றைக்குப் படத்தில் மாணவியாக உட்கார வந்திருந்தவர் ஒரு வக்கீலம்மா. நிஜமாகவே மாணவிதான். கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்புக்குத் தண்ணீர் தவிக்கும் என்பார்கள். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை வெடவெடவென்று ஆடும். இரண்டு முறை லைசன்ஸ் தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டுத் திரும்பியவர். அவரும் கொண்டையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"எப்படி டீச்சர் இவ்வளவு கெட்டியா நிக்குது?"

"உள்ள ஒரு சப்போர்ட் இருக்கு மேடம்" என்றாள். பொய் சொல்லவில்லை.

வக்கீலம்மா ஓட்டுகிற சீட்டில் உட்கார, இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போட்டோகிராபர் காருக்கு முன்னால் மண்டியிட்டார். "ஓட்டுற மாதிரி இருக்கட்டும் மேடம். அப்படியே சிரிங்க!" என்றார்.

வக்கீலம்மாவுக்குப் பாவனை வராது. ஓட்டுகிற மாதிரி என்றதும் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, கிளச்சைப் படக்கென்று விட்டார். கார் துள்ளிப் பாய்ந்தது. போட்டோகிராபர் கேமராவோடு பக்கத்துச் செடிக்குள் தாவினார். டீச்சர் தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை ஓங்கி மிதித்தாள். அவள் தலை முன்னால் போய், பின்னால் வந்து மோதியது. அங்கேயே நின்றுவிட்டது.

"டீச்சர்... உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். தலையத்தான் திருப்ப முடியல."

சீட்டின் மேலே தலை சாய்க்கிற மெத்தை ஒன்று இருக்கும் அல்லவா? அதைத் தாங்குகிற இரண்டு கம்பிக்கு நடுவில் கொண்டை புகுந்து, உள்ளேயிருந்த மரத்துண்டு கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொண்டது. முதலாளி ஓடி வந்து இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் தள்ளினார். அசையவில்லை. கடைசியில் பொத்தானை அமுக்கி, மெத்தையையே கம்பியோடு மேலே உருவினார். அது சுலபமாக வந்தது. அவளும் கூடவே எழுந்து வந்தாள்.

பின்தலையில் கார் மெத்தையோடு ஒரு பெண் நடுத்தெருவில் நடந்து போவதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மெத்தையின் கனத்தில் தலை பின்னால் சாய்ந்து, அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குள் போனாள். வக்கீலம்மா பின்னாலேயே மெத்தையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் முதலாளி. "உள்ள என்ன இருக்கு?"

"பிரஷ் சார்."

"பிரஷ்ஷா? எதுக்கு?"

"நீங்கதான சார் முடிய அடக்கிட்டு வரச் சொன்னீங்க!"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி வழுக்கையைத் தடவிக்கொண்டார். அப்புறம் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

வக்கீலம்மா பக்கத்துக் கடைக்கு ஓடிக் கண்டிஷனர் வாங்கி வந்தார். போன் போட்டு வரவழைத்த கணவன் ரம்பத்தால் அந்த மரத்துண்டை இன்னும் கொஞ்சம் நறுக்கி, மெத்தையை விடுவித்தான். பிறகு கண்டிஷனரைக் கொண்டை முழுக்க ஊற்றினார்கள். பல் குத்துகிற குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு முதலாளி பின்னால் உட்கார்ந்தார். வாழ்நாளில் பாதியை முடியில்லாமல் கழித்த மனிதருக்கு அந்த வேலை அப்படிப் பிடித்துப்போனது. இழை இழையாக, பல் பல்லாகப் பிரித்தார். கணவன் உதவிக்கு வந்தபோது, "நீங்க இருங்க தம்பி, அவசரப்படுத்தாதீங்க" என்று கையைத் தட்டிவிட்டார். போன் அடித்தது, எடுக்கவில்லை. பாடம் படிக்க வந்த ஆட்கள் பாடத்தை மறந்து சுற்றி நின்று, "இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு சார்" என்று காட்டிக்கொடுத்தார்கள்.

கடைசி இழை விடுபட்டதும் பிரஷ் பொத்தென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சிறைப்பட்டிருந்த முடி ஈரத்தோடு நாலா பக்கமும் குதித்து எழுந்தது. அவளுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்து, தலையைத் தூக்கி விழுந்து விழுந்து சிரித்தாள். செடிக்குள்ளிருந்து மீண்டு வந்த போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார்.

அன்றைக்கு எடுத்ததில் கலங்காமல் விழுந்த படம் அது ஒன்றுதான். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையே போட்டுரலாம். காரு எல்லா விளம்பரத்துலயும்தான் இருக்கு."

ஸ்டிக்கர் அடித்து, பயிற்சிக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, முகம் கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்க, மிச்ச இடம் முழுக்க முடி. அந்தக் காரில்தான் வக்கீலம்மா மூன்றாம் முறையாகத் தேர்வுக்குப் போனார்.

தேர்வு அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து, பின்னால் நின்று முறைத்தார்.

"இந்த முடிய வெட்டிட்டு வாங்க. அப்பதான் டெஸ்ட்."

டீச்சருக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "என் முடிய வெட்டச் சொல்ல நீங்க யாரு சார்?" என்று ஒரு சத்தம் போட்டாள்.

"அம்மா, உங்க தலையச் சொல்லல. கண்ணாடியில இருக்கறதச் சொன்னேன். பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும்?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் காருக்குள் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா விடவில்லை.

"எந்தப் பிரிவுல சார் அப்படி இருக்கு? ஏறி உட்காருங்க, பேசிக்கலாம். சரக்கு வண்டிக்குப் பின்கண்ணாடியே கிடையாது, அதுக்கு லைசன்ஸ் குடுக்கறீங்களா இல்லையா?"

அதிகாரி ஏறி உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். வக்கீலம்மா வண்டியைக் கிளப்பினார். "பக்கவாட்டுக் கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான்? அலங்காரத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டே வளைத்தார். "இடைமறிக்காதீங்க சார், நான் முடிச்சிர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார். வாதம் சூடு பிடிக்கப் பிடிக்கக் கை ஆடவே இல்லை. பேச்சு நின்றபோது கார் இரண்டு கம்பத்துக்கும் நடுவில், கோட்டுக்குள், பின்னாலேயே வந்து கச்சிதமாக நின்றுகொண்டிருந்தது. வக்கீலம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நானா எடுத்தேன்?" என்றார்.

"நீங்கதான். பாஸ். இறங்குங்க" என்றார் அதிகாரி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ஸ்டிக்கர எடுத்தே ஆகணும்."

முதலாளிக்கு அதைக் கிழிக்க மனம் வரவில்லை. பக்குவமாக உரித்து, ஆபீசின் இரும்பு ஷட்டரில் ஒட்டினார். பகலில் ஷட்டர் மேலே சுருண்டு போய்விடுவதால், பள்ளி திறந்திருக்கும்போது விளம்பரம் யார் கண்ணிலும் படாது. மூடியிருக்கும்போதுதான் தெரியும். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

ஒரு விடுமுறை நாளில் டீச்சர் கணவனோடு ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனாள். மூடிய ஷட்டர் முன்னால் ஒரு பெண் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முடியும் அதே ஸ்பிரிங் ரகம். அதை ஒரு ரப்பர் பேண்டுக்குள் இறுக்கி அமுக்கியிருந்தாள். கணவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அக்கா, இந்த இடத்துல வேலை பார்க்கறவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "படத்துல இருக்கற அக்கா தலைக்கு என்ன போடறாங்கன்னு கேக்கணும்."

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கமும் மெல்ல எழுந்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் சாவகாசமா சொல்றேன்" என்றாள் டீச்சர். "உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"