கொம்பனுக்குத் தெரியாது

கவிழ்த்து வைத்த டம்ளர் என்றால் பேசுவது நீ. நிமிர்ந்த டம்ளர் என்றால் பேசுவது உன் ஆள். ஜான்சியின் அக்கா வீட்டு மாடிக் கொட்டகையில் இந்த ஒரு சட்டத்தை மீறினால் அன்றைக்கு டீ கிடையாது.

சட்டம் வந்ததற்குக் காரணம் கார்த்திகேசன். அது 2009. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூடி ஆடிய ஆட்டம் அப்படிப்பட்டது. ஜான்சி கதையை நடத்துவாள். மற்ற மூவருக்கும் கதைக்குள் தலைக்கு ஒரு ஆள். அந்த ஆள் என்ன செய்வான், என்ன பேசுவான் என்று இவர்கள் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்துவைக்கும். கார்த்திகேசனின் ஆள் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நாட்டு வைத்தியன். அந்த மகானுபாவன் போன மாதம் கந்தகமும் வெடியுப்பும் கேட்டு வாங்கி, கோட்டைக் கதவை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தான். "கெமிஸ்ட்ரி படிச்சது நீயா, உன் வைத்தியனா?" என்று ஜான்சி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அடுத்த ஆட்டத்திலேயே டம்ளர் வந்துவிட்டது.

அருள்முருகன் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவனுடைய ஆள் கொம்பன், மலைக்காட்டு வேடன். எழுதத் தெரியாது, எண்ணத் தெரியாது, கடலைப் பார்த்ததே இல்லை. கடல் தெரியாத ஆளாக வேண்டும் என்று அருள்தான் கேட்டு வாங்கினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அருளிடம் ஊர் எது என்று கேட்டால் திருப்பாதிரிப்புலியூர் என்பான். அது பாதிப் பொய். அங்கே இருந்தது அத்தை வீடு. அவன் பிறந்து வளர்ந்தது கடலூர்க் கரையோரக் குப்பத்தில்.

அந்தக் குப்பத்தில்தான் 2004 டிசம்பரில் தங்கை தில்லை அலையோடு போனாள். அருள் அன்றைக்கு டியூஷனுக்காக அத்தை வீட்டில் இருந்தான். கடல் உள்வாங்கி, மீனும் சங்குமாகத் தரை தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்ட பிள்ளையிடம் அப்பா தங்கராசு, "போயிட்டு வா, எனக்கும் ஒரு சங்கு எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். நிவாரண முகாமில் வந்தவர் போனவரிடமெல்லாம் அதை அவரே சொல்லிக்கொண்டிருந்தார், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல். அருளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போன மனுஷன். காற்று திரும்பினால் பாயில் படுத்தபடியே சொல்லிவிடுவார். அவருக்கா தெரியாமல் போகும்?

அன்று முதல் அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டான், அப்பாவிடம் அவனுக்கு ஒரே பேச்சுதான். ஞாயிறு சாயங்காலம் அவர் போன் செய்து "நான்தாம்பா" என்பார். இவன் "அம்மாகிட்ட குடு" என்பான். இத்தனை வருஷமும் அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு கொம்பனும் கூட்டாளிகளும் மலையிறங்கிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஜான்சி ஸ்ரீமுஷ்ணத்துக்காரி, கடலைச் சுற்றுலாவில் பார்த்தவள். அன்றைய காட்சியைப் பெருமையோடு ஆரம்பித்தாள்.

"கடல் பின்னாடி போவுது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஈர மணலு. மீனுங்க துள்ளுது. தூரத்துல, தண்ணிக்குள்ள கெடந்த கோயில் ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா வெளிய தெரியுது."

மூன்றாவது ஆட்டக்காரி இளமதி டம்ளரை நிமிர்த்தினாள். அவளுடைய ஆள் செம்பி, கொம்பன் மலையிலிருந்து கூட்டிவந்த சின்னப் பெண். "அண்ணே, நான் ஓடிப்போயி பாத்துட்டு வரட்டா?"

"போவாத!" அருள் எழுந்தேவிட்டான். "எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க!"

ஜான்சி அவன் டம்ளரைப் பார்த்தாள். நிமிர்ந்திருந்தது. "இது யாரு பேசறது?"

"கொம்பன்."

"கொம்பன் கடலையே இன்னிக்குத்தான் பாக்கறான். நம்ம எல்லாருக்கும் தெரியும்டா, டி.வி.ல நாள் பூரா பாத்தோம். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டினியா மச்சான்!" கார்த்திகேசனுக்குக் குஷி தாங்கவில்லை. "வெடியுப்புக்கு என்னைய டீ இல்லாம அனுப்பினீங்கல்ல?"

"காட்டு ஆளு. எதையாவது மோப்பம் புடிச்சிருப்பான்," என்றான் அருள். அவன் குரல் கெஞ்சியது.

"சரி, உருட்டு. பத்துக்கு மேல விழுந்தா அவனுக்கு ஏதோ தப்பா தோணுதுன்னு வச்சிக்கலாம்."

உருட்டினான். இரண்டு விழுந்தது.

"தெரியல," என்றாள் ஜான்சி. "செம்பி நின்னுக்கிட்டு இருக்கா. கொம்பன் என்னா சொல்றான்?"

டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். கர்வம் விடவில்லை. எப்போதும் செய்வதுபோலக் கண்ணை மூடி, கொம்பனுக்குத் தெரியாததை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். அலை தெரியாது. முகாம் தெரியாது. சேலையால் மூடிக் கிடத்தியிருந்த வரிசை தெரியாது. எல்லாம் போன பிறகு மிஞ்சியது வெயிலும், பளபளக்கும் மணலும், பக்கத்தில் ஆசையோடு நிற்கும் ஒரு பிள்ளையும்தான். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. கொம்பனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"போயிட்டு வா," என்றான். "எனக்கும் ஒரு சங்கு எடுத்துக்கிட்டு வா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. யோசித்துச் சொன்னதல்ல. அந்த இடத்தில் நின்றதும் தானாக வாயில் வந்தது.

"செம்பி ஓடறா!" என்றாள் இளமதி உற்சாகமாக. ஜான்சி கோயில் வாசலை வர்ணிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"டேய், என்னா ஆச்சு? அலையெல்லாம் வராதுடா. நான் அப்படி எழுதவே இல்ல. கோயிலப் பாப்பாங்க, அப்புறமா தண்ணி மெதுவா திரும்பும். அவ்ளோதான்."

அருள் டம்ளரைக் கவிழ்த்தான். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். கார்த்திகேசனிடம்கூட அன்றைக்குக் கிண்டல் இல்லை. ஜான்சி அழுதுகொண்டே, அந்தக் காட்சியையே எடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

"வேணாம்," என்றான். "செம்பி கோயிலப் பாத்துட்டு வரட்டும்."

வெயில் இறங்கியிருந்தது. அப்பா கூப்பிடும் நேரம் வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று அவனே போன் போட்டான்.

"நான்தாம்பா."

அவர் பதறிப்போனார். "இரு, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

"வேணாம். உன்கிட்டதான் பேசணும்." நண்பர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "அன்னிக்கு உன் எடத்துல நான் இருந்திருந்தாலும் போயிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ சொல்லியிருக்க மாட்டப்பா. நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்காதுப்பா. சங்குகூட கேட்டிருப்பேன்."

அப்பா அழுவது கேட்டது. முகாமில்கூட அழாதவர். "யாரு? புள்ளையா? என்னா ஆச்சு? இங்க குடு" என்று அம்மா பின்னாலிருந்து போனைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.