றொசல்லக் குளிரில் கொதித்த மெஷின்

மலையகத்து றொசல்லப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுச் சுவர்கூட வியர்க்கும். அந்த ஈரத்துக்குப் பயந்துதான் ஜூலியன் தன் கணினியை மாமனார் வீட்டு முன்னறையில், கண்ணாடிச் சோகேஸின் உச்சியில் ஏற்றி, திரையை மட்டும் கீழே மேசையில் வைத்தான். அதுவரை அங்கே சூசையப்பர் சுரூபம் இருந்தது. சூசையப்பர் ஜன்னல் ஓரத்துக்கு இறக்கப்பட்டதில் அவன் மனைவி கேத்ரினுக்கு மனத்தாங்கல்.

கடையில் வாங்கி வந்து சொருகிய கணினி இல்லை அது. ஹட்டனில் கணினி திருத்தும் கடையில் வேலை பார்க்கும் ஜூலியன், ஒவ்வொரு பாகமாகத் தேடித் தானே கட்டியது. உள்ளே கண்ணாடிக் குழாய்களில் நீலத் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும். அது மெஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு உச்சிக்கு ஏறும். அங்கிருக்கும் காற்றாடிகள் அந்தச் சூட்டை ஒரு வலைத் தட்டு வழியாக மேலே ஊதித் தள்ளும். பெண் வீட்டோடு வந்து குடியேறிய மாப்பிள்ளைக்கு, என்னுடையது என்று கைகாட்ட அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

அதில்தான் அவன் தன் அணியோடு சேர்ந்து விளையாடினான். தலைவி தனுஜா கொழும்பில் இருந்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு ஊர். போட்டியில் அரையிறுதிவரை வந்துவிட்டார்கள். ஆனால் கொஞ்ச நாளாக, துப்பாக்கியோடு பாயும் முக்கியமான கட்டத்தில் ஜூலியனின் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். அவனுடைய ஆள் நடு வெளியில் விறைத்து நிற்பான். எதிராளி சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போவான்.

"ஞாயித்துக்கெழம இன்னொருக்கா நின்னா வேற ஆளப் போடத்தான் வேணும், அண்ணா. கோவிச்சுக்காதீங்க" என்றாள் தனுஜா. அவள் மரியாதையாகச் சொன்னதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

சூடேறித்தான் அணைகிறது என்று திரையிலேயே தெரிந்தது. ஏன் சூடேறுகிறது என்பதுதான் மர்மம். கொழும்பில் தனுஜா வியர்வை வழிய ஆடுகிறாள், அவள் மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மனிதர் நடுங்கும் றொசல்லயில் இவனுடையது கொதிக்கிறது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நீலத் தண்ணீரை மாற்றினான். தண்ணீரைச் சுற்றவைக்கும் மோட்டரை மாற்றினான். சிப்பின்மேல் பூசும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினான். கடைசியில் மெஷினைக் கம்பளியில் சுற்றி, த்ரீவீலில் ஹட்டன் கடைக்கே கொண்டுபோனான். கூட வேலை பார்க்கும் கிஷாந்த், மெஷினைச் சக்கையாகப் பிழிந்து பார்க்கும் சோதனை ஒன்றைக் காலையில் போட்டுவிட்டு, கடை பூட்டும்வரை ஓடவிட்டான். மெஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தான்; அணைந்துவிட்டது.

"மெஷின்ல ஒன்னுமில்ல மச்சான். ஒங்க வீட்லதான் என்னமோ இருக்கு" என்றான் கிஷாந்த். கேத்ரின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சூசையப்பரைத் தூக்கி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தடவையும் அணைந்தது.

இத்தனை துயரத்திலும் ஜூலியனுக்குத் துணையாக இருந்தவர் மாமனார் அமிர்தநாதன் ஒருவர்தான். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் மெஷினை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், மழை தொடங்கியதிலிருந்து அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். மாப்பிள்ளை ஆட உட்கார்ந்தால் அவரும் சோகேஸ் பக்கம் முக்காலியைப் போட்டுக்கொள்வார். ஆட்டம் இல்லாத நாளில் ஏன் இல்லை என்று அவரே விசாரிப்பார். காதில் ஹெட்போனும் திரையில் கண்ணுமாக இருந்தவனுக்கு, மாமா நம் ஆட்டத்தை ரசிக்கிறார் என்று தலைகால் புரியாத பெருமை. மெஷின் அணைந்த மறுநாள் தவறாமல், வேலியோரச் செடியில் தானே கிள்ளித் தானே தயாரித்த தேயிலையில் அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார். அந்தத் தேத்தண்ணி ஒவ்வொரு தடவையும் இன்னும் மணத்தது. அதை அவன் சொன்னபோது அவர் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. இரண்டு அணியும் சமமாக நின்றன. மிச்சமிருந்தது கடைசிச் சுற்று. திரை மூலையில் சூட்டுக் கணக்கு சிவப்பாகி ஏறத் தொடங்கியது.  அப்போதுதான் ஜூலியனின் மூக்கில் ஒரு வாசம் தட்டியது. ஸ்டோர் பக்கமாகப் போகும்போது வருமே, அந்தப் பச்சைக் கொழுந்து வாசம். ஜன்னலைப் பார்த்தான், சாத்தியிருந்தது. அண்ணாந்து பார்த்தான். மாமனார் முக்காலிமேல் ஏறி நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மெஷினின் உச்சியில் எதையோ பக்குவமாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் ஏறிப் பார்த்தான். வலைத் தட்டின்மேல் கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையை விரித்து, அதன்மேல் விரற்கடைத் தடிப்பில் கொழுந்து பரப்பியிருந்தது.

"மாமா, என்னது இது?"

"கொழுந்து வாட்டுறேன் மாப்புள. இந்த மழையில தானா எங்க வாடுது. இன்னுங் கொஞ்சந்தான், பதம் வந்துருச்சு. கீழருந்து சூட்டுக் காத்து, மேல வலை. ஸ்டோர்ல இதுக்குன்னு ஒரு மாடியே கட்டி வச்சிருக்காங்க."

ஜூலியனுக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சோகேஸையே தள்ளிவிட்டிருப்பான். கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் தனுஜா அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தாள்.

"காத்து போக வழியில்லாமத்தான் மாமா இத்தன நாளும் நின்னுச்சு. இப்ப நின்னா என்னைய டீம்லருந்து எடுத்துருவாங்க."

அமிர்தநாதன் கொழுந்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அரைவாட்டில் கொழுந்தை எடுத்ததற்காக எத்தனையோ பேரை ஸ்டோரில் திட்டித் தீர்த்தவர் அவர். வலையை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கினார். அதோடு விடாமல், அடுப்படிக்கு ஓடிச் சொளகை எடுத்துவந்து மெஷினுக்கு விசிற ஆரம்பித்தார். சூடு இறங்கியது. ஜூலியன் சுட்டான். ஜெயித்தார்கள். கேத்ரின் சூசையப்பருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லையே என்று பிறகு ஜூலியன் ஆறாமல் கேட்டான். காற்றாடி நின்றால் கொழுந்தை உடனே அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெந்துபோகும் என்று மாமனார் விளக்கினார். அவன் பிளக்கைப் பார்க்கக் குனியும் நேரத்தில் அவர் அள்ளிக்கொண்டு போய்விடுவாராம். மாப்பிள்ளையின் ஆட்டத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று சத்தம் காட்டாமல் போவாராம்.

மறுநாள் கோப்பை வந்தது. ஜூலியன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நல்லாருக்கு மாமா என்றான்.

"பொய் சொல்லாதீங்க மாப்புள. பச்ச வாட அடிக்குது."

அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தபோது, ஜெயித்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது ஜூலியனுக்கு.

அன்று சாயந்தரம் ஆட்டம் எதுவும் இல்லை. ஜூலியன் மெஷினைப் போட்டு, கிஷாந்த் கடையில் ஓடவிட்ட அதே சோதனையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டான். பிறகு, கொழுந்து இருந்தால் கொண்டுவரும்படி மாமாவை அழைத்தான். அவர் கூடையோடு வந்து பரப்பினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தார். ஸ்டோரில் ஏவுகிற அதே குரலில், சூடு பத்தலை, இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க என்றார். ஜூலியன் கூட்டினான். இன்னும் என்றார். இன்னும் கூட்டினான்.

பட்டென்று அணைந்தது. அமிர்தநாதன் பதறிப்போய் பிளக்கைப் பார்க்கக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் ஜூலியன் நுளம்பு வலையை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.