பன்னிரண்டு வோல்ட் தலை

அவருடைய துணிப்பையில் மொத்தம் பதினேழு அடாப்டர்கள் இருந்தன. செத்துப்போன போன், செத்துப்போன ரேடியோ, செத்துப்போன பிரின்டர் என்று எல்லாவற்றின் வாரிசுகளும் வாலோடு வால் பின்னிக்கொண்டு அதில் கிடந்தன. இவ்வளவு சொத்து வைத்திருக்கும் மனிதர், மனைவி கேட்ட சின்ன மோட்டாரை வாங்கும்போது கூடவே ஓர் அடாப்டரையும் வாங்குவாரா? மானம் போய்விடாதா! மோட்டாரை மட்டும் வாங்கி வந்தார்.

மனைவி விக் கட்டுகிறவள். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போட்டு, நாலு மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்து நீள முடி விக் ஒன்றை முடித்திருந்தாள். இதுவரை அவள் கட்டியதில் ஒன்றுகூட விற்றதில்லை. கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அம்மாளிடம் இவள் நடையாய் நடந்த பிறகு, அந்த அம்மாள் ஒரு வழியாக மனமிரங்கினாள்.

"ஒரே ஒரு நாள் கண்ணாடி ஜன்னல்ல வைம்மா. சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது உள்ள வந்து விசாரிச்சா அந்த இடம் உனக்கு. இல்லன்னா நெயில் பாலிஷ்காரருக்குக் குடுத்துடுவேன்."

சும்மா வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விக்கை மாட்டிய தலைப் பொம்மை மெல்லச் சுற்ற வேண்டும். அதற்குத்தான் மோட்டார்.

காலையில் பார்லர் தரையில் பையைக் கவிழ்த்து, நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார் கணவர். மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் முன்தினமே படித்துவிட்டாள். குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுல பன்னிரண்டு வோல்ட்னு போட்டிருக்குங்க. பின்னும் பொருந்துது."

அவர் வாங்கிப் பார்த்து, ஐயோ பாவம் என்பதுபோல் சிரித்தார். "மூணு ஆம்பியர்னும் போட்டிருக்கே, அதப் படிச்சியா? ஒண்ணு கேக்கிற மோட்டாருக்குள்ள மூணைத் தள்ளினா வெந்து போயிடும்."

"தள்ளாதுங்க. மோட்டார் தனக்கு வேணுங்கிறத மட்டும்தான் எடுத்துக்கும். வோல்ட்தான் சரியா இருக்கணும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"மோட்டார் வித்த கடைக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"அவன் விக்கிறவன். அவனுக்கு என்ன தெரியும்?"

அடேங்கப்பா, என்ன ஒரு ஞானம்! விற்கிறவனுக்குத் தெரியாததெல்லாம் இவருக்குத் தெரியும். பிரின்டர் அடாப்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். முப்பத்திரண்டு வோல்ட், ஒரு ஆம்பியர். "ஆம்பியர் கச்சிதமா இருக்கு பாரு. வோல்ட் கூட இருந்தா நல்லதுதான், கொஞ்சம் தெம்பா சுத்தும்" என்றார். பின் பொருந்தவில்லை. அதனாலென்ன, பின்னையே வெட்டி எறிந்துவிட்டு, கம்பியை முறுக்கி டேப் சுற்றினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பத்து வருடக் குடித்தனத்தில் நன்றாகப் பழகியிருந்த காரியம் அது.

சுவிட்சைப் போட்டார்.

தெம்பு என்றால் அப்படி ஒரு தெம்பு. இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டிய தலை, கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. தோளில் கிடந்த முடியெல்லாம் விரித்த குடை மாதிரி எழும்பிக் கண்ணாடியில் பளார் பளாரென்று அடித்தது. பார்லர் அம்மாள், "ஐயையோ, நிறுத்துங்க!" என்று அலறினாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இன்னொருவர் போனில் படம் பிடித்தார்.

"பார்த்தியா கூட்டத்த?" என்றார் கணவர், பெருமை தாங்காமல்.

அந்தப் பெருமைக்கு இரண்டு நிமிடம்தான் ஆயுள். மோட்டாரிலிருந்து புகை வந்தது, தலை முக்கி முனகி நின்றது. கூட்டம் சிரித்து முடித்துவிட்டுக் கலைந்தது. ஒருவர்கூட உள்ளே வரவில்லை. பார்லர் அம்மாள் போனை எடுத்து நெயில் பாலிஷ்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். நாலு மாத உழைப்பு, ஊர் சிரிக்கும் வேடிக்கையாகப் போய்விட்டதே என்று மனைவிக்கு அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முடியிலிருந்த சிக்கை எடுத்தாள்.

கதவு திறந்தது. தலையை இறுக்கிச் சுற்றிய துணியோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். புருவத்தில் முடியில்லை.

"இது... பின் குத்தி வச்சிருந்தீங்களாக்கா?"

"இல்லம்மா."

"பசை போட்டு ஒட்டியிருந்தீங்களா?"

"அதுவும் இல்ல. தலை அளவுக்கு வலையைக் கட்டி, காதுக்குப் பின்னாடி ரெண்டு பட்டி வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அந்தச் சுத்துச் சுத்தியும் கழண்டு விழலையே?"

அதுவரை யாருக்கும் அது உறைக்கவில்லை, கட்டியவளுக்கே உறைக்கவில்லை. தரையைப் பார்த்தாள். ஒரு முடிகூட உதிர்ந்திருக்கவில்லை. பார்லர் அம்மாள் போனைக் கீழே வைத்தாள்.

கணவருக்கு உயிர் வந்துவிட்டது. "அதுக்காகத்தாம்மா நான் வேணும்னே முப்பத்திரண்டு..."

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு அந்த நாற்காலிய இப்படிப் போடுங்க" என்றாள் மனைவி. அவர் போட்டார்.

அந்தப் பெண் உட்கார்ந்து, தலைத்துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்தே ஒரு வருஷம் ஆச்சுக்கா" என்றாள். "காத்துல துணி பறந்துடுமோன்னு பயம்."

மனைவி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள், ஜன்னல் திரையை இழுத்து விட்டாள், கணவரை வெளியே போய் நிற்கச் சொன்னாள். பிறகு அந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.