சாய்ந்து விழும் வெயில்

மூன்றாவது எச்சரிக்கைச் சீட்டு வந்தால் வேலை போய்விடும். முதல் இரண்டு சீட்டுகளும் ஏழாம் நம்பர்க்காரியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி கிடந்தன. ஒளித்து வைக்க அவளுக்கு என்ன வெட்கம்?

பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் அறை அது. பன்னிரண்டு மேஜை, ஏழாவது அவளுடையது. ஆளுக்கொரு பெட்டி நிறையப் பதில் அட்டைகள். கேள்விக்குரிய அட்டையை எடுத்து, எழுதியிருப்பதை அப்படியே வாசித்து, மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டும். மேற்பார்வையாளரின் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவருக்குப் பெயரே ஸ்டாப்வாட்ச்தான்.

மேஜைமேல் சும்மா கிடக்கும் புத்தகத்தின்மீது எந்த விசையும் இல்லை என்றது ஓர் அட்டை. "மூட்டைக்குக் கீழ நிக்கிற எங்கப்பாவைக் கேளுங்க சார், அவர் தாங்கறது விசையா இல்லையான்னு" என்றதற்கு முதல் சீட்டு. உடம்புக்குள் ஓடும் கெட்ட ரத்தம் நீல நிறம் என்ற அட்டையை வாசிக்க மறுத்ததற்கு இரண்டாவது. வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வாயை மூடிக்கொண்டிருந்தால் குறைந்தா போய்விடுவாள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று காலை முதல் அழைப்பு ஒரு சிறுமி.

"அக்கா, கோடைக்காலம் ஏன் வருது?"

அட்டையை எடுத்தாள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால், என்றிருந்தது. அப்பாவின் இடுப்பு வலியை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வாசித்தாள்.

"எங்க டீச்சரும் அதேதான் சொன்னாங்க. ஆனா எங்க சித்தி பூமியோட தெற்குப் பாதியில இருக்காங்க. இப்ப அங்க குளிராம். மொத்தப் பூமியும் பக்கத்துல போனா, சித்திக்கு மட்டும் எப்படிக்கா குளிரும்?"

ஏழாம் நம்பர்க்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் இப்படியொரு கேள்வி வந்ததில்லை. அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"வீட்டுல டார்ச் இருக்கா? ஓடிப் போய் எடுத்துட்டு வா. சுவத்துல நேரா அடி. வட்டம் தெரியுதா? நின்ன இடத்துலயே நின்னு, இப்ப டார்ச்சைச் சாய்."

"அக்கா, வட்டம் நீண்டு போச்சு. மங்கிப் போச்சு."

"அதே வெளிச்சம்தான். நிறைய இடத்துக்குப் பங்கு போட்டா எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம்தானே வரும்? பூமி சாஞ்சமேனிக்கே சூரியனைச் சுத்துது. நம்ம பாதி சூரியன் பக்கம் சாஞ்சிருக்கறப்ப நமக்கு வெயில் நேரா விழும், பகலும் நீளம். அப்ப சித்திக்கு?"

"சாஞ்சு விழும். அய்யோ அக்கா, அதானா?"

ஏழாம் நம்பர்க்காரி எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பதினோரு தலைகள் திரும்பியிருந்தன. பின்னால் ஸ்டாப்வாட்ச்.

"நாலு நிமிஷம் பதினேழு செகண்ட். அதுவும் அட்டையில இல்லாத பதில். அந்த அட்டையை எழுதினது யாருன்னு தெரியுமா?"

"கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்."

சீட்டுக் கட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டு மேஜைமேல் நேராகப் பிடித்தார். சாய்த்தார். மறுபடியும் நேராக, மறுபடியும் சாய்த்து. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இன்னும் எத்தனை அட்டை இப்படி இருக்கு?"

இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டாள். "குறிச்சு வச்சது முப்பத்தொண்ணு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

கண்ணாடிக்கு அடியில் இருந்த முதல் சீட்டை விரலால் தட்டினாள். "சொன்னேனே சார். நீங்கதான் ரசீது குடுத்தீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துண்டிக்கப்படாத ஹெட்போனிலிருந்து குரல் கசிந்தது, அவருக்கும் கேட்கும்படி: "அக்கா, உங்களுக்கு வேலை போயிடுச்சா?"

ஸ்டாப்வாட்ச் மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, இரண்டு சீட்டுகளையும் உருவிச் சட்டைப்பைக்குள் திணித்தார். "போகலன்னு சொல்லும்மா."

"போகல பாப்பா."

"அப்ப இன்னொண்ணு கேக்கவா? பூமி சூரியனுக்குப் பக்கத்துல போறதே இல்லையா?"

ஏழாம் நம்பர்க்காரி வாய் திறப்பதற்குள், அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்திலிருந்த வாட்ச்சைக் கழற்றினார்.