வண்டி நிறையக் காற்று

வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுப்பது கட்டுப்படியாகுமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு மதிப்பீட்டாளருக்கு வாய்த்தது. ஆகும் என்று எழுதிவிட்டால் வரப்போகும் ஆலையில் தலைமைக் கணக்கர் நாற்காலி அவருக்கு. அவருடைய மேலாளர், எதைக் கேட்டாலும் "சாத்தியம்" என்பவர். அலுவலகத்தில் அதுவே அவருக்குப் பெயராகியும் விட்டது.

வயலில் வீணே கொளுத்தப்படும் பொருள், ஆகவே மலிவானது. இவ்வளவு தெளிவான நியாயத்தை மறுக்க எவருக்கும் வாய் எழவில்லை. மதிப்பீட்டாளர் தம் அக்காள் கணவரிடமும் இதையே ஓதினார். அத்தானும் மனம் குளிர்ந்து, இருக்கும் ஒரே வயலை ஆலைக்கு எழுதிக் கொடுத்துப் பங்குதாரராக இசைந்தார். மறுநாள் பத்திரப் பதிவு.

அந்த மாலையில் சோதனைச் சுமை வந்தது. மின்கம்பியை உரசும் உயரத்தில் வைக்கோல் அடுக்கிய லாரி, கர்ப்பிணியைப் போல அசைந்தசைந்து எடைமேடையில் ஏறியது. முள் சற்றே அசைந்து, சோம்பி நின்றுவிட்டது.

மதிப்பீட்டாளர் தம் கணக்கைப் புரட்டினார். முன்பு கருங்கல் ஜல்லிக்காகத் தயாரித்த அட்டவணையில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி, லாரி சுமக்கும் எடையை மாற்றாமல் விட்டிருந்தார். எத்தனை பெரிய மேதைமை!

"சார், ஒரு லாரின்னு போட்ட இடத்துல அஞ்சு லாரி ஓடணும். நாம எடுக்கற எரிபொருளவிட, வைக்கோல கொண்டுவர எரியற டீசல்தான் கூட."

"அதுக்கு?"

"கட்டுப்படியாகாது சார்."

மேலாளர் கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல் காதைத் தடவிக்கொண்டார். "எடை கொறையுதுன்னா எடைய ஏத்துய்யா. இதுக்கா முழிக்கற? " எடைமேடை ஆள் பக்கம் திரும்பினார். "டேய், அந்தக் குழாயத் தெற!"

தண்ணீர் பீறிட்டது. வைக்கோல் குடித்தது, முள் ஏறியது, டயர்கள் பிதுங்கின. மேலாளர் கை தட்டினார்.

"பாத்தியா? எழுதிக் கையெழுத்துப் போடு."

"அது தண்ணி சார்."

"தண்ணி வைக்கோல்லதானே இருக்கு? உன் பாக்கெட்லயா இருக்கு?"

அவ்வேளையில், சலவை மடிப்புக் கலையாத சட்டையில் அத்தான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன மாப்ள, லாரிய குளிப்பாட்டறீங்க? கல்யாணமா அதுக்கு?"

"வாங்க, வாங்க, பங்குதாரரே!" என்றார் மேலாளர்.

அத்தானுக்குக் காது வரை சிரிப்பு. "நாளைக்குக் காலையிலயே வந்துடறோம். உங்க அக்கா நேத்தே புடவைய எடுத்து வெச்சுட்டா."

நாற்காலி ஒரு கணம் மதிப்பீட்டாளரின் கண்முன் பளபளத்தது. அதன் பின்னால் அக்காளின் முகமும் தெரிந்து தொலைத்தது.

"வராதீங்க அத்தான்."

"என்னது?"

"வயல எழுதிக் குடுக்காதீங்க. நான் போட்டது ஜல்லிக் கணக்கு. அந்த லாரில இப்ப இருக்கறது முக்கால்வாசி தண்ணி."

"தமாஷ் பண்றாரு," என்று மேலாளர் குறுக்கிட்டார்.

அத்தான் சொட்டச் சொட்ட நின்ற லாரியைப் பார்த்தார், மைத்துனரையும் பார்த்தார். "அடப்பாவி! பங்குதாரர், பங்குதாரர்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனேடா! எல்லாரும் சிரிப்பானுங்களே!"

"சிரிக்கட்டும். வயல் இருக்கும்."

"நாளைக்கு நீ வரவேணாம்," என்றார் மேலாளர், மதிப்பீட்டாளரைப் பார்த்து. "கையெழுத்துப் போட ஆளா கெடைக்காது?"

அத்தான் வண்டியை உதைத்தார். மதிப்பீட்டாளர் பின்னால் ஏறிக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"அடி விழும்."

"விழட்டும். வண்டிய எடுங்க."