பலாவை மிரட்டிய காலை

"பத்து மணிக்கு நல்லதம்பி அண்ணன் ஆளோட வர்றார்ப்பா. மரத்தை வெட்டி எடுத்துட்டா கார் உள்ள நிக்கும். நானும் இங்கயே வந்துடுவேன்ல" என்றாள் லிசி.

காபியை ஆற்றிக்கொண்டிருந்த தைரியராஜ் நிமிரவில்லை. பாலக்கரையில் தனியாக வாடகைக்கு இருக்கும் மகள், காட்டூர் வீட்டுக்கே வந்துவிடப்போகிறாள் என்பதில் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் வாங்கிய பழத்தின் கொட்டையைப் புதைத்து, ஒன்பது வருடமாக அந்தப் பலாவை வளர்த்தவர் அவர். மாடி உயரத்துக்கு, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிறது. ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை. அதனாலேயே மகளிடம் வாதாட வாய் வரவில்லை.

"ஒரே ஒரு காய் காச்சிருந்தாக்கூட விட்டிருப்பேம்ப்பா."

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு இருசம்மாளின் தலை தெரிந்தது.

"மிரட்டிப் பார்த்தீங்களா?"

"யாரை?"

"மரத்தைத்தான். ஒருத்தர் அரிவாளை ஓங்கி, 'காய்க்கிறியா, வெட்டவா'ன்னு கேக்கணும். இன்னொருத்தர், 'வேணாங்க, வர்ற வருஷம் காச்சிரும், விட்டுடுங்க'ன்னு அதுக்காகக் கெஞ்சணும். எங்க வீட்டு மா அப்படித்தான் காச்சுது."

"நாங்க வேதக்காரங்க, இருசு. இதெல்லாம் செய்யலாமா?" என்றாள் தைரியராஜின் மனைவி வியாகுலம்மாள்.

"உங்களுக்குத்தானே ஞானஸ்நானம்? மரத்துக்குமா குடுத்தீங்க?"

லிசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பண்ணுங்கப்பா. பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு."

மிரட்டுவது தைரியராஜ், கெஞ்சுவது வியாகுலம்மாள் என்று முடிவாயிற்று. அவர் மரத்தடியில் போய் நின்று அரிவாளை ஓங்கினார். வாய்தான் திறக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"காய்... காச்சா நல்லாருக்கும்ல?"

"இது மிரட்டலா, நலம் விசாரிப்பா?" என்றாள் இருசம்மாள். "பேருலதான் தைரியம்! இருங்க, நானே வரேன். நீங்க கெஞ்சுங்க, அது உங்களுக்கு வரும்."

கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, அரிவாளை வாங்கி ஓங்கினாள்.

"ஏய் மரமே! ஒன்பது வருஷமா நின்ன எடத்துலயே தின்னுக்கிட்டு, இலையைக் கொட்டிக் கூட்ட வெச்சதுதான் மிச்சம். காய்க்கிறியா, வெட்டவா?"

"வேணாங்க!" தைரியராஜ் நிஜமாகவே பதறிவிட்டார். "அது மேல தப்பில்லைங்க."

"பின்னே யார் மேல?"

"நானும் குறை வெக்கலைங்க. எரு போட்டேன். தண்ணி ஊத்தினேன். அடிமரத்துல குட்டிக்குட்டியாத் துளிர் வரும், சத்தை இழுத்துடும்னு ஞாயித்துக்கிழமை தவறாம கிள்ளி எடுத்துடுவேன். இன்னும் என்ன செய்யணும்னு தெரியலையே..."

இருசம்மாள் அரிவாளைத் தாழ்த்தினாள்.

"எதைக் கிள்ளுவீங்க?"

"துளிரைத்தான்."

"அட அண்ணே! பலா எங்க காய்க்கும்? கிளை நுனியிலயா? அடிமரத்துலதானே! அந்தத் துளிர்லேர்ந்துதான் மூசு இறங்கும்."

பிஞ்சுப் பலாவை மூசு என்று சொல்லித்தான் அவரும் சந்தையில் வாங்கியிருக்கிறார். அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை. மரத்தைப் பார்த்தார். விளக்குக் கம்பம் மாதிரி வழுவழுவென்று வைத்திருந்தார். உற்றுப் பார்த்தால் பட்டையெங்கும் சிறுசிறு தழும்புகள். ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப வருஷா வருஷம் அது முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாந்தான்..."

வியாகுலம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாமத்தானேங்க செஞ்சீங்க."

லிசி குனிந்து அந்தத் தழும்புகளைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"நல்லதம்பி அண்ணே, வராதீங்க. இல்லண்ணே, கோவமெல்லாம் இல்ல. மரத்து மேல தப்பில்லையாம். ஆமா, விசாரிச்சாச்சு."

இருசம்மாள் அரிவாளை வியாகுலம்மாளிடம் கொடுத்தாள். "மொத மூசு எனக்கு. மிரட்டினவ நானு."

தைரியராஜ் மகளிடம் திரும்பினார். "அப்ப கார்?"

"தெருவுல நிக்கட்டும். கவர் வாங்கிப் போட்டுக்கலாம்."

"நீ...? நீ வருவேல்ல?"

"வராம? ஞாயித்துக்கிழமையானா உங்க கையைப் பிடிச்சுக்க ஆள் வேணாமா?" என்றாள் லிசி.